யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக் காட்டுக்குள் வேலைக்குப் போகிறவருக்கு

கேள்வி இதுதான்: "பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணம். முதல் ஆசிரிய நியமனம் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே. மலை, காடு, யானை, பாம்பு என்று வீட்டில் எல்லாரும் பயப்படுத்துகிறார்கள். உண்மையில் அந்த இடம் எப்படி? வீடு எடுக்கும்போது எதைப் பார்ப்பது? கிழமைக்கு ஒருக்கா வந்து போகலாமா?"

தங்கச்சி, முதலில் மலையைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். குருந்தூர்மலை என்று ஒன்று இருக்கிறதுதான். ஆனால் அது காட்டுக்கு மேலே தலை நீட்டுகிற ஒரு கற்குன்று, நுவரெலியா மாதிரி நினைத்துக்கொண்டு போகவேண்டாம். மாவட்டத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 100 மீற்றருக்கும் கீழேதான். காடு மட்டும் உண்மை. யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பு 1,025 சதுர கிலோமீற்றர், முல்லைத்தீவின் பரப்பு 2,617. இரண்டரை மடங்கு நிலம். 2012 குடிமதிப்பில் அங்கே இருந்த ஆக்கள் ஏறத்தாழ 92,000 பேர், யாழ்ப்பாணத்தில் 5 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். ஆறில் ஒரு பங்கு சனம் இரண்டரை மடங்கு நிலத்தில் இருக்கிறது. பாதிக்கு மேல் காடு. ஒரு சந்தியில் இருந்து அடுத்த சந்தி வரைக்கும் ஒரு வீட்டு வெளிச்சமும் தெரியாத றோட்டுகள் இருக்கும். வேலிக்கு வேலி வீடு பார்த்து வளர்ந்தவருக்கு முதல் மாதம் உறுத்துவது யானையைவிட இந்த வெறுமைதான்.

இப்போது நிலத்துக்கு வருவோம். யானையும் பாம்பும் றோட்டும் வீடும் சாப்பாடும் எல்லாம் அங்கே தண்ணீரைச் சுற்றித்தான் நடக்கின்றன. மழை இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டும், மற்ற மாதங்களில் கஞ்சத்தனம். வித்தியாசம் மழை விழுகிற தரையில். நம்முடைய தரை சுண்ணாம்புக்கல். விழுகிற தண்ணீர் கீழே இறங்கி நிற்கும், கிணறு வெட்டி எடுப்போம். அதனால்தான் யாழ்ப்பாணத்தில் வழுக்கியாற்றைத் தவிர ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை, அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. வன்னியின் பெரும்பகுதிக்குக் கீழே கிடப்பது மிகப் பழைய கடும்பாறை. மேலே சில மீற்றருக்குச் செம்மண்ணும் உக்கிய பாறையும், அதற்குக் கீழே தண்ணீர் இறங்காது. இறங்காத தண்ணீர் மேலே ஓடும், ஓடுகிறதை மறித்துக் கட்டினால் குளம். அவ்வளவுதான் வன்னியின் பூகோளம்.

கண்டி–யாழ்ப்பாண ஏ-9 வீதி போகிற நடுப்பகுதி கொஞ்சம் உயர்ந்த முதுகு மாதிரி. அங்கே பெய்கிற மழை மூன்று பக்கமும் பிரியும். கனகராயன் ஆறு வடக்கே போய் இரணைமடுக் குளத்துக்குள் விழுகிறது. பேராறு கிழக்கே முத்துஐயன்கட்டுக் குளத்தை நிரப்பிவிட்டு நந்திக்கடல் பக்கம் வடிகிறது. பாலியாறு மேற்கே வவுனிக்குளத்தைத் தொட்டு மன்னார்க் கடலுக்குப் போகிறது. ஒன்றும் வருடம் முழுக்க ஓடும் ஆறு அல்ல. ஆடி ஆவணியில் மணலும் மருதமர வேரும்தான் தெரியும்.

ஊர்ப்பெயர்களை வடிவாகக் கேட்டாலே பாதி விளங்கும். குளம், மடு, மோட்டை, கட்டு, முறிப்பு, புலவு. மோட்டை என்றால் சின்னக் குட்டை, புலவு என்றால் வயல்வெளி, முறிப்பு என்றால் கட்டு உடைத்த இடம். விசுவமடு, உடையார்கட்டு, தண்ணிமுறிப்பு, கேப்பாப்புலவு எல்லாமே தண்ணீர் முகவரிகள். ஒரு வன்னி ஊரின் அமைப்பும் பெரும்பாலும் ஒரே மாதிரி. மேலே காடு, அதிலிருந்து வடிகிற தண்ணீர் குளத்தில், குளத்துக்கு ஒரு பக்கம் நீளக் கட்டு, கட்டில் துருசு (தண்ணீரைத் திறந்துவிடுகிற மதகு), ஓர் அந்தத்தில் வான். துருசால் வாய்க்கால் பிரிந்து கட்டுக்குக் கீழே வயல். வீடுகள் வயலுக்கு ஓரமாக, கொஞ்சம் மேடான இடத்தில். வான் என்பது நிரம்பிய குளத்தின் மிச்சத் தண்ணீர் பாய்கிற இடம். "குளம் வான் பாயுது" என்று மார்கழியில் ஆராவது சொன்னால் அது சந்தோசச் செய்தியும்தான், எச்சரிக்கையும்தான்.

இனி வீடு. வீட்டுக்காரர் காட்டுகிற அறையைவிட முதலில் கிணற்றைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் கிணறு இருந்தால் தண்ணீர் இருக்கும். அங்கே கிணறு குளத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். குளத்துக்குக் கிட்ட, வாய்க்கால் பாய்கிற பக்கத்தில் உள்ள கிணறு ஆவணி வரைக்கும் தாக்குப்பிடிக்கும். காட்டுப்பக்க மேட்டில் வெட்டிய கிணறு வைகாசியிலேயே வாளி தட்டத் தொடங்கிவிடும். குழாய்க்கிணற்றையும் நிச்சயமாக நம்பமுடியாது. பாறையில் வெடிப்பு இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் பக்கத்து வளவில் வந்தது உங்கள் வளவில் வராது. ஆகவே "போன வருசம் ஆவணி புரட்டாதியில் தண்ணி எவ்வளவு நின்டது?" என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்பது நல்லது.

குடிக்கிற தண்ணீர் வேறு கதை. நம் ஊர்க் கிணறுகளில் தோட்டப் பசளையால் வருகிற நைத்திரேற்றுத்தான் பிரச்சினை. அங்கே கடும்பாறையில் இருந்து வருகிற புளோரைட்டும் கடினத்தன்மையும். வவுனியா வடக்கு, வெலிஓயா போன்ற பக்கங்களில் சிறுநீரக நோய் பேசப்படுகிற விடயம் என்பதை அறிந்துகொண்டு போங்கள். அதற்கு ஒரே காரணம் தண்ணீர் என்று யாரும் முடிவாக நிறுவவில்லை, என்றாலும் தண்ணீரில் விளையாட வேண்டாம். இங்கே யாழ்ப்பாணத்தவர் எல்லாரும் செய்கிற பிழை, "கொதிக்கவைத்தால் சரி" என்று நினைப்பது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். இலங்கைத் தரத்தின்படி குடிநீரில் புளோரைட்டு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேலும் கடினத்தன்மை 250 மில்லிகிராமுக்கு மேலும் போகக்கூடாது. கேத்திலுக்குள் வெள்ளையாகத் தடித்த படை பிடித்தால் கடினத்தன்மை கூட என்பது நிச்சயம். புளோரைட்டுக்கு அப்படிக் கண்ணால் பார்க்கிற அடையாளம் இல்லை, நீர்வழங்கல் சபை மூலம் பரிசோதிக்கவேண்டும். சுலபமான வழி, ஊரில் உள்ள நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் 20 லீற்றர்க் கான் நிரப்பிவருவது. ஒருவர் நாளுக்கு 3 லீற்றர் குடித்தால் ஒரு கான் கிட்டத்தட்ட ஒரு கிழமைக்கு வரும். தேத்தண்ணிக்கும் சமைக்கவும் அதையே எடுப்பதென்றால் இரண்டு கான் வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க, கழுவக் கிணறு.

இரண்டாவதாகப் பார்க்கவேண்டியது பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் வான் தண்ணீர் குறுக்கே போகிறதா என்பது. கோடையில் பார்த்தால் அது றோட்டில் ஒரு சின்னப் பள்ளம், சீமெந்து போட்டிருப்பார்கள், ஓரத்தில் அடிக்கணக்கு எழுதிய கட்டை ஒன்று நிற்கும். மார்கழியில் அதே பள்ளம் ஆறு. முழங்கால் அளவு ஓடுகிற தண்ணீர் மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். தண்ணீருக்குக் கீழே சீமெந்து இன்னும் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பதும் தெரியாது. 2018 மார்கழி வெள்ளத்தில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் பட்ட பாடு வீட்டில் உள்ளவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆகவே பள்ளிக்கூடம் இருக்கிற கரையிலேயே வீடு எடுங்கள். வாடகை கூடினாலும் பரவாயில்லை. குளக்கட்டுக்கு நேர் கீழே, வாய்க்கால் ஓரத்தில் மலிவாக ஒரு வீடு வந்தால் அது ஏன் மலிவு என்று யோசியுங்கள்.

யானையைப் பற்றி: யானை உங்களைத் தேடி வருவதில்லை. தண்ணீரையும் நெல்லையும் வாழையையும் தென்னங்குருத்தையும் தேடி வருகிறது. பங்குனி கடந்து காட்டுக் குட்டைகள் வற்ற வற்றக் குளங்களுக்கு நெருங்கும். பொழுதுபட்டதிலிருந்து விடியும் வரைதான் பெரும்பாலும் அதன் நடமாட்டம். அதனால் ஆறு மணிக்குப் பிறகு காட்டு றோட்டில் போவதில்லை என்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டால் முக்கால்வாசி ஆபத்துப் போய்விடும். விடியற்காலை இருட்டில் கிளம்புவதும் அதே ஆபத்துத்தான், அதை ஏனோ பலர் கணக்கில் எடுப்பதில்லை. எதிரே நின்றால் தூரத்திலேயே நிறுத்தித் திருப்புங்கள். ஹோர்ன் அடிக்கவேண்டாம், லைற்றை மின்னி மின்னிக் காட்டவேண்டாம், "ஒரு பக்கத்தால வெட்டிப் போயிடலாம்" என்ற எண்ணமே வேண்டாம். தனித்து நிற்கிற ஆண் யானையும் குட்டியோடு நிற்கிற யானையும்தான் கூடுதல் ஆபத்து. வீட்டுக்குள் நெல்மூட்டை அடுக்கிவைத்திருக்கிற அறைக்குச் சுவரோடு சுவராகப் படுக்கிற அறையை எடுக்காதீர்கள், மணம் பிடித்துச் சுவரை உடைப்பது அந்தப் பக்கங்களில் நடக்கிற காரியம்.

மின்சார யானைவேலி இருக்கிறது என்று சொல்லி வாடகை கூட்டுவார்கள். வேலி வேலை செய்கிறதா என்பது கம்பியில் கொடி படர்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே விளங்கும். புல்லும் கொடியும் கம்பியில் தொட்டால் மின்சாரம் நிலத்துக்கு இறங்கிவிடும், பற்றரியும் சீக்கிரம் படுத்துவிடும். மாரி முடிந்து ஒரு மாதம் துப்புரவாக்காத வேலி வெறும் கம்பி. யானைக்கு அது தெரிந்துவிடும், மரத்தைத் தள்ளி வேலிமேல் விழுத்திவிட்டு வரும் யானைகளும் உண்டு.

பாம்புதான் உண்மையில் யானையைவிடக் கிட்ட இருப்பது. புடையன் வயலோரத்தில், வைக்கோலுக்குள், பொழுதுபடும் நேரம் ஒற்றையடிப் பாதையில் கிடக்கும். பெரும்பாலும் மிதித்தால், கிட்டப் போனால்தான் கடிக்கும். அதற்கு டோர்ச்சும் மூடிய சப்பாத்தும் போதும், பாட்டா போட்டுக்கொண்டு இருட்டில் கிணற்றடிக்குப் போகிற பழக்கத்தை யாழ்ப்பாணத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். கட்டுவிரியன் வேறு சாதி. அது இரவில் வீட்டுக்குள் வரும், நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் பட்ட அடையாளம் கூடத் தெரியாமல், நோவும் பெரிதாக இல்லாமல், விடியப்புறம் வயிற்றுக்குத்தோடு கண்ணிமை தொங்கத் தொடங்கும். ஆகவே கட்டில், கட்டிலுக்கு நுளம்புவலை, வலையின் ஓரம் நான்கு பக்கமும் மெத்தைக்குக் கீழே செருகியிருக்கவேண்டும். தொங்கவிட்ட வலை நுளம்புக்கே போதாது.

கடித்தால்: கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றி, கடித்த காலையோ கையையோ அசையாமல் தடி வைத்துத் தாங்கி, ஆஸ்பத்திரி. 1990 இலவச அம்புலன்ஸ். முல்லைத்தீவு மாவட்ட ஆஸ்பத்திரி மாஞ்சோலையில், மாங்குளத்திலும் மல்லாவியிலும் ஆஸ்பத்திரிகள் உண்டு. உங்கள் இடத்திலிருந்து எது கிட்ட என்பதைப் போன முதல் கிழமையே ஓடிப் பார்த்து வைத்திருங்கள். விசக்கல் வைப்பது, பார்வை பார்ப்பது என்று ஆராவது அன்போடு கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அதையும் செய்யலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

வன்னிக் காய்ச்சல் என்று அம்மம்மா சொல்லியிருப்பாரே, அந்த மலேரியா இப்போது இல்லை. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இப்போது பார்க்கவேண்டியவை இரண்டு. வயல் தண்ணீரில் காலில் காயத்தோடு இறங்கினால் எலிக்காய்ச்சல். பற்றைக்குள் போய்வந்தால் உண்ணிக்காய்ச்சல், இதற்கு அக்குள், இடுப்பு, மார்புக்குக் கீழே சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுத்தப் புண் இருக்கலாம், நோகாது. காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் உடம்பில் அந்தப் புண்ணைத் தேடிப் பார்த்து, வைத்தியரிடம் "வயலுக்குள், காட்டுக்குள் போனேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். இரண்டுக்கும் மருந்து உண்டு, பிந்தினால்தான் கரைச்சல்.

காட்டுக்குள் நடப்பது பற்றி ஒரே வரி: ஊர்க்காரர் இல்லாமல் போகாதீர்கள். வழி தவறுவது சின்னப் பிரச்சினை. மிருகங்கள் தண்ணீருக்கு வருகிற தடங்களில் வேட்டைக்காரர் கட்டுத்துவக்குக் கட்டியிருப்பார்கள், கம்பியில் கால் பட்டால் வெடிக்கும், அது மானா மனிதரா என்று பார்ப்பதில்லை. போர் நடந்த இடங்களில் மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை நின்றால் அதற்கு அப்பால் ஓர் அடியும் இல்லை. இரும்பாக எது கிடந்தாலும் தொடவேண்டாம், பிள்ளைகளுக்கும் இதைப் படிப்பியுங்கள்.

காடு எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும். பாலையும் வீரையும் கடும் கோடையிலும் இலை கொட்டாத மரங்கள், அதைப் பார்த்துத் தண்ணீர் இருக்கிறது என்று ஏமாறவேண்டாம். முதிரையும் கருங்காலியும் இப்போது காட்டுக்கு உள்ளே போனால்தான் காணலாம். ஆனி ஆடியில் பாலை பழுக்கும். மஞ்சள் நிறத்தில் வேப்பம்பழம் அளவு, தேன் மாதிரி இனிப்பு. பத்துப் பழம் சாப்பிட்டதும் பால் உதட்டில் ஒட்டி வாய் திறக்க வராது, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகும். கரடிக்கும் அது உயிர். பாலைப்பழக் காலத்தில் காட்டோரத்தில் கரடி கடித்த செய்தி வருவது அதனால்தான், கரடி பயந்தால் ஓடுவதற்குப் பதிலாகப் பாயும். தேன் வாங்கினால் எடுத்தவரிடமே வாங்குங்கள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் பற்றவைப்பது எல்லாம் சீனிப்பாணியைப் பிடிக்காது. மான், மரை இறைச்சி என்று ஆராவது கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வைத்திருப்பதே குற்றம், அரசாங்க உத்தியோகத்தர் நீங்கள்.

சாப்பாட்டில் நமக்குப் பிடிபடாதது குளத்து மீன். ஜப்பான் மீன் (திலாப்பியா) சேறு மணக்கிறது என்று முகம் சுளிப்போம். மணம் இருக்கிற இடம் தெரிந்தால் போதும். செதிலைச் சுரண்டி, செவுளில் உள்ள பூவை முழுதாக எடுத்து, வயிற்றுக்குள் ஒட்டியிருக்கிற கறுத்த மெல்லிய தோலை விரலால் தேய்த்துக் கழற்றுங்கள். பிறகு உப்பும் தேசிக்காய்ப்புளியும் போட்டுப் பிசறிப் பத்து நிமிடம் வைத்துக் கழுவி, மஞ்சள் பூசிப் பொரித்தால் ஒன்றும் தெரியாது. விரால் கிடைத்தால் அது கடல்மீனுக்கே சவால். கடல்மீன் வேண்டுமென்றால் முல்லைத்தீவுக் கரை இருக்கிறது.

ஊரின் நாட்காட்டி பள்ளிக்கூட நாட்காட்டி அல்ல, நெல்லின் நாட்காட்டி. ஐப்பசியில் மாரி மழையை நம்பிச் செய்கிற காலபோக விதைப்பு, மாசியில் அரிவு. அரிவு நேரம் பிள்ளைகளின் வரவு குறையும், கோபிக்கவேண்டாம். தார் றோட்டின் அரைவாசியில் நெல் காயப் போட்டிருப்பார்கள், மோட்டார் சைக்கிள் அதில் ஏறினால் சறுக்கும். விதைப்புக் காலத்தில் மாட்டுப் பட்டிகளை வயலிலிருந்து காட்டோரத்துக்குக் கொண்டுபோவார்கள். தப்பி வந்த மாடு ஆரின் பயிரைத் தின்றது என்ற வழக்கில் ஆசிரியரை நடுவர் ஆக்கப் பார்ப்பார்கள், நழுவிவிடுங்கள். பங்குனி சித்திரையில், கோடையில் குளத்துத் தண்ணீரால் செய்கிற சிறுபோகத்துக்கான கூட்டம் நடக்கும். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், ஆருக்கு எவ்வளவு பங்கு என்று அங்கேதான் முடிவாகும். ஒருக்கா போய்ப் பின்னால் இருந்து கேளுங்கள், ஊர் முழுக்க விளங்கிவிடும். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுக்க அந்தக் கமக்காரர் ஏன் மறுத்தார்கள் என்பதும் விளங்கும். நாம் குடம் குடமாகப் பார்ப்பதை அவர்கள் அடி அடியாகப் பார்க்கிறார்கள், ஓர் அடி குறைந்தால் கடைசி வாய்க்காலில் இருப்பவருக்குச் சிறுபோகம் இல்லை.

குளிக்கக் குளத்துக்குப் போனால் ஊரார் குளிக்கிற துறையில், ஊரார் குளிக்கிற நேரத்தில் மட்டும். முதலை உள்ள குளங்கள் உண்டு. தனியாக அலைகரைப் பக்கம் (குளத்துத் தண்ணீர் பரவி நிற்கிற காட்டோரம்) போய்ப் படம் எடுக்கவேண்டாம். தொலைபேசிக்குச் சிக்னல் இல்லாவிட்டால் குளக்கட்டில் ஏறிப் பாருங்கள், ஊரில் உயர்ந்த இடம் பெரும்பாலும் அதுதான், பின்னேரத்தில் பாதி ஊர் அங்கேதான் கதைத்துக்கொண்டு நிற்கும்.

வீட்டுக்கு வந்து போவது: ஒட்டுசுட்டான் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில், ஏ-34 இல், ஏறத்தாழ நடுவில். யாழ்ப்பாணத்துக்கு இரண்டு வழி. மாங்குளம் போய் ஏ-9 இல் எந்த யாழ்ப்பாண பஸ்ஸிலும் ஏறலாம், சில ரயில்களும் மாங்குளத்தில் நிற்கும். அல்லது புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன் என்று ஏ-35 ஆல் வரலாம். முல்லைத்தீவு நகரத்துக்குப் போய்த்தான் வரவேண்டும் என்றால் வட்டுவாகல் பாலம் இருக்கிறது, ஒடுங்கியது, தாழ்ந்தது, மாரி வெள்ளத்தில் தண்ணீர் மேலாகப் போகும். மழைக்காலத்தில் மாங்குள வழிதான் நம்பலாம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கிளம்பினால் பொழுதுபட முன் வீட்டில் நிற்கலாம். கரைச்சல் திரும்புகிற பயணத்தில்தான். வீட்டில் ஞாயிறு பின்னேரச் சாப்பாடு வரைக்கும் மறித்துவைப்பார்கள், மாங்குளத்தில் இறங்கும்போது இருட்டிவிடும், உள்ளே போகிற கடைசி பஸ்ஸும் போய்விட்டிருக்கும், பிறகு ஆரையாவது மோட்டார் சைக்கிளோடு கூப்பிடவேண்டிவரும். நான் மேலே சொன்ன ஆறு மணிச் சட்டம் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டைப் பார்சலாகக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு முன்னரே பஸ் ஏறிவிடுங்கள்.